வலது தோளில் அரை அங்குலம்

ஃப்ளீஸ் துணிக்கு ஒரு போக்கு உண்டு. கீழ்நோக்கித் தடவினால் நாய்க்குட்டி மாதிரி படிந்து கொடுக்கும், மேல்நோக்கித் தடவினால் சிலிர்த்துக்கொண்டு நிறமே வேறாகத் தெரியும். இதைப் பார்க்காமல் வெட்டினால் முன்பக்கம் ஒரு பச்சை, பின்பக்கம் இன்னொரு பச்சை என்று ஆகிவிடும், போட்டுக்கொண்டவனை ஊரே பார்த்துச் சிரிக்கும். சிரிக்கட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது இந்திராணிக்கு. கட்டில்மேல் விரித்த கரும்பச்சைத் துணியை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நின்றாள். போக்கு எந்தப் பக்கம் என்பது முதல் தடவலிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் தடவினாள். தடவிக்கொண்டிருக்கும் வரை வெட்ட வேண்டியதில்லை, வெட்டாத வரை எதற்கும் சரி என்று சொன்னதாக ஆகாது. சாயங்காலம் பரமானந்தம் வருகிறார். வருகிறான். பதினொரு வருஷமாக மனசுக்குள் வருகிறான் போகிறான் என்று சொல்லியே பழகிவிட்டது, வாய்க்கு மட்டும் இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கிறது. கூட்டிக்கொண்டு வரப்போவது சுகன்யா, அவன் பெற்ற மகள், இவளும்தான் பெற்றாள், ஆனால் இந்த ஒரு வாரமாக அவன் மட்டுமே பெற்ற மாதிரி நடந்துகொள்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து இந்தத் துணியோடு வந்து இறங்கினாள். அப்பா வர்றாரும்மா, கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும், அவருக்கு இந்தக் குளிர் தாங்காது, அந்தப் பழைய பேட்டர்ன்லயே ஒரு ஜாக்கெட் தெச்சு வை, அதுதான் அவருக்குச் சரியா உக்காரும். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இட்லிக்குச் சட்னி கேட்டாள். அப்பா வரலாமா என்று கேட்கவில்லை. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று இவளும் கேட்கவில்லை. வீடு இவள் அம்மா வழியில் வந்த வீடு, வாசற்கதவின் சாவி இவள் இடுப்பில் இருக்கிறது, ஆனால் யார் வரலாம் யார் தங்கலாம் என்பதை மட்டும் யார் யாரோ கூடிப் பேசி முடித்துவிட்டுத் துணி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஜாக்கெட் தைத்தால் சம்மதம். தைக்காவிட்டால் கல்நெஞ்சக்காரி. இப்படி ஒரு பொறியை வேறு யாராலும் வைக்க முடியாது, பெற்ற மகள் வைத்தால்தான் உண்டு.

பேட்டர்ன் டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய தலையணை உறைக்குள் சுருட்டி வைத்திருந்தது. பழுப்புக் காகிதம். ஓரங்கள் துணி மாதிரி மெத்தென்று ஆகிவிட்டன. ஏன் வைத்திருந்தாய் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் அவளிடம் எப்போதும் தயாராக இருந்தது: நல்ல பேட்டர்ன், அவ்வளவுதான். அது பொய்யும் இல்லை. காலர் கழுத்தை ஒட்டி நிற்கும், ஆனால் இறுக்காது. பை சாய்வாக விழும், கை தானாகப் போய் அதற்குள் உட்காரும். எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் தனக்கு ஒன்று, பிறகு சுகன்யாவுக்கு மூன்றோ நாலோ, பக்கத்து வீட்டு டீச்சருக்கு ஒன்று என்று இதைப் பார்த்துத்தான் கூட்டிக் குறைத்து வெட்டியிருக்கிறாள். மற்றவர்களுக்கு வெட்டும்போது ஒரே ஒரு திருத்தம், வலது தோளை நேராக்கிவிடுவாள். அவனுக்குத்தான் அந்த அரை அங்குல இறக்கம். சின்ன வயசில் ஈரோட்டில் மாமரத்திலிருந்து விழுந்து காறை எலும்பு உடைந்து, யாரோ நாட்டு வைத்தியர் கட்டிவிட்டு, கோணலாகக் கூடிவிட்டது. எந்தச் சட்டை போட்டாலும் வலது பக்கம் கழுத்தோரத்தில் சுருக்கம் விழுந்து நிற்கும். கல்யாணமாகி குன்னூருக்கு வந்த முதல் மார்கழியில் பல் கிட்டிப் போய் உட்கார்ந்திருப்பான், சமவெளிக்காரன், போர்வையோடுதான் கரண்ட் ஆபீசுக்குப் போவான் போலிருந்தது. இந்த அறையில்தான், இதே ஜன்னல் பக்கம், கையை விரித்துக்கொண்டு நில்லுங்க என்று நிற்க வைத்து அளவெடுத்தாள். கல்யாணமாகி ஒரு மாசத்துக்கு மேல் ஆகியும் வெளிச்சத்தில் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. தோளில் டேப் வழுக்கியது. மறுபடி வைத்தாள், மறுபடி வழுக்கியது. அப்போது சொன்னான், மரத்திலிருந்து விழுந்த கதையை, யாரிடமும் சொன்னதில்லை என்று. யாரிடமும் சொன்னதில்லை. அட, அதை நம்பி முப்பது வருஷம் காகிதத்தை மடிக்காமல் சுருட்டி வைத்திருந்தாளே, மடித்தால் கோடு விழுந்து அளவு கெட்டுவிடும் என்று. அவளிடமும் இதையேதான் சொல்லியிருப்பான். டேப் வழுக்கியிருக்கும், யாரிடமும் சொன்னதில்லை என்றிருப்பான்.

அவளிடம் என்றால் மேட்டுப்பாளையத்துக்காரியிடம். பெயர் தெரியாமல் இல்லை, பெயரைச் சொல்வதில்லை. மேட்டுப்பாளையத்துக்கு மாற்றலாகி அவன் முதலில் வாரம் ஒரு தடவை வந்தான், பிறகு மாசம் ஒரு தடவை, பிறகு தீபாவளி பொங்கலுக்கு, பிறகு வருகிற பஸ்ஸெல்லாம் அவன் இல்லாமலே வந்தது. சத்தம் போட்டுச் சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் அதற்கு ஒரு நாள் கிழமை இருந்திருக்கும். கரைந்துதான் போனான், டீயில் சர்க்கரை கரைகிற மாதிரி, ஆனால் இனிப்பெல்லாம் வேறு வீட்டில். போன ஆடியில் அந்த மேட்டுப்பாளையத்துக்காரி செத்துப்போனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. செய்தி சொல்ல அவனுடைய அக்கா கமலவேணி ஈரோட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள், இவளுக்குப் பேரன் பிறந்த மாதிரி ஒரு முகத்தோடு. வழி விட்டுட்டுப் போயிட்டா மகராசி, இனி உன் புருஷன் உனக்குத்தான் என்றாள். அதோடு நின்றாளா? காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நீயும் தலைக்கு ஊத்திக்க இந்திராணி, அவனுக்குத் தீட்டுன்னா உனக்கும் தீட்டுதான் என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருக்கலாம். பதினொரு வருஷம் அவன் சம்பாதித்த சோறு எனக்கு இல்லை, துணி எனக்கு இல்லை, தீட்டு மட்டும் எப்படி அண்ணி என் பங்குக்கு வருகிறது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எழுந்து போய் வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ஊற்றிக்கொண்டே அழுதாள். பதினொரு வருஷத்தில் அப்படி அழுததில்லை. செத்தவளுக்காகவா, தனக்காகவா, இல்லை, இனிமேல் திட்டுவதற்கு ஆள் இல்லையே என்றா, இன்றுவரை தெரியவில்லை. உயிரோடு இருப்பவளைத் திட்டலாம், வெறுக்கலாம், அவள் வீட்டுப் பால் திரிந்துபோகட்டும் என்று வேண்டிக்கொள்ளலாம். செத்தவளை என்ன செய்வது? அவள் பாட்டுக்குப் போய்விட்டாள், ஆளை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டாள், இரவல் வாங்கின பாத்திரத்தைத் தேய்ந்த பிறகு திருப்பிக் கொடுக்கிற மாதிரி.

காகிதத்தை விரித்தாள். மேலே நாலு மூலையிலும் கனத்துக்கு டம்ளர்களை வைத்தாள். துணியில் குண்டூசி குத்தினால் பஞ்சுக்குள் போய் ஒளிந்துகொண்டு பிறகு முதுகில் குத்தும், அதனால் டம்ளர்தான். சோப்புத் துண்டைக் கூர்மையாக்கி ஓரத்தை ஒட்டி வரைந்துகொண்டே போனாள். பின்பக்கம் முடிந்தது. முன்பக்கம் ஒன்று. இன்னொன்று. கத்தரிக்கோலை எடுத்துப் பெருவிரலை நுழைத்துத் துணியைத் தூக்கிப் பிடித்தபோது கை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று மனசுக்குத் தெரியவில்லை. இடது கை தோள்பட்டைக் கோட்டின்மேல் கிடந்தது, அது ஏதோ சரியில்லை என்றது. பார்த்தாள். காகிதத்தைக் குப்புறப் போட்டு வரைந்திருக்கிறாள். மேல்பக்கம் என்று பென்சிலால் எழுதி வைத்தது தேய்ந்து போயிருந்தது, இரண்டு பக்கமும் ஒரே பழுப்பு. இப்படியே வெட்டினால் இறக்கம் இடது தோளுக்குப் போயிருக்கும். உடம்பு சில்லிட்டது அவளுக்கு. தப்பு செய்ய இருந்ததற்காக இல்லை. இந்தத் தப்பை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். ஊட்டியில் ஒரு கல்யாணம், டிசம்பர் மாசம், மண்டபத்து வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான், காப்பிக்கொட்டை நிற ஜாக்கெட்டில். தூரத்திலிருந்தே தெரிந்தது அவள் காலர். அவள் பை. முதுகில் அவள் போடுகிற அதே மடிப்பு. இவள் தைத்துக் கொடுத்த பழைய ஜாக்கெட்டை அந்த மேட்டுப்பாளையத்துக்காரி தையல் தையலாகப் பிரித்து, பிரித்த துண்டுகளைக் காகிதத்தில் வைத்து வரைந்து, புதிதாக ஒன்று தைத்திருக்கிறாள். ஆனால் திருப்பிப் போட்டு வரைந்துவிட்டாள். அவனுக்கு வலது தோள் இறங்கியிருக்க, ஜாக்கெட்டுக்கு இடது தோள் இறங்கியிருந்தது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் மூட்டையாகப் புடைத்துக்கொண்டு, கொடியில் காய்கிற துணி மாதிரி நின்றான் மனுஷன். இவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். பந்தியில் உட்கார்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து படுத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் ஓட்டியிருக்கிறாள். ராத்திரி தூக்கம் வராதபோது அதை எடுத்துப் பார்த்துக்கொள்வாள். துணி தெரியாதவள், வலது இடது தெரியாதவள், என் ஆளின் உடம்பு தெரியாதவள்.

இப்போது தன் கட்டிலில், தன் கையால், தன் பேட்டர்னில் அதே தப்பு. அப்படியானால் அவள் முட்டாள் இல்லை. ஏதோ ஒரு பகல்பொழுதில் கட்டில்மேல் துணியை விரித்து, அவனுக்குக் குளிருமே என்று குனிந்து வரைந்தவள்தான் அவளும். தையல் பிரித்தவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அக்குளில் இவள் போட்டிருந்த இரட்டைத் தையலைப் பிளேடால் அறுக்கும்போது, கம்பத்தில் ஏறுகிற ஆள் கையைத் தூக்கினால் கிழியக் கூடாது என்றுதானே இப்படிப் போட்டிருக்கிறாள் என்று நினைத்திருப்பாள். ஒரு நிமிஷமாவது என்னை நினைத்திருப்பாள். அந்த நினைப்பு நெஞ்சில் முள்ளாக ஏறியது. பத்மாவதி. அதுதான் பெயர். பத்மாவதி என்று வாய்விட்டுச் சொன்னாள் இந்திராணி, யாரும் இல்லாத அறையில். சொன்னதும் கோபம் வந்தது. என்ன உரிமையில் செத்தாய்? இருந்து அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே, ஆசைப்பட்டவள் கடைசி வரை இருந்து மூத்திரப் பாத்திரம் எடுத்துப் போட வேண்டியதுதானே, நல்ல காலத்தை நீ வாங்கிக்கொண்டு கெட்ட காலத்தை எனக்குத் தள்ளிவிட்டாயே. அப்படியே வெட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. இடது தோள் இறங்கட்டும். அவன் போட்டுப் பார்த்து, இழுத்து இழுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நிற்கட்டும். இன்னொருத்தி வந்து போனதும் இந்த வீட்டில் எல்லாம் திருப்பிப் போட்ட மாதிரிதான் இருக்கிறது என்று புரியட்டும். நல்ல யோசனைதான். ஆனால் அவள் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே கை டம்ளர்களை எடுத்து, காகிதத்தைத் திருப்பி, பழைய கோட்டை நகத்தால் சுரண்டிவிட்டுப் புதுக் கோடு போட ஆரம்பித்திருந்தது. கைக்கு வெட்கம் கிடையாது. கையைக் கேட்டால் பதினொரு வருஷம் என்று ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்லும்.

வெட்டினாள். ஃப்ளீஸ் வெட்டும்போது சத்தமே வராது, பிசிறும் வராது, ஆனால் பஞ்சு பறக்கும். மூக்கில், கண்ணிமையில், மேஜைமேல் வைத்திருந்த டீயில் பச்சைப் பச்சையாக மிதந்தது. மிஷினில் உட்கார்ந்து தோளை இணைத்தாள். தைத்துக்கொண்டே பார்த்தாள் அவன் வந்து இருக்கப்போவதை. அந்த நாற்காலியில் உட்காருவான். பேப்பரை நாலாக மடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொள்வான். குளியலறையில் ஒரு மணி நேரம் காறுவான். வெந்நீர் போதவில்லை என்பான், என்பான் என்ன என்பான், சொல்லவே மாட்டான், செம்பால் வாளியைத் தட்டிக் காட்டுவான். காலையில் அவள் வானொலி வைக்கிற நேரத்தில் அவன் தூங்குவான், அதனால் வானொலி போய்விடும். ஜன்னலைத் திறக்கிற வழக்கம் போய்விடும். மத்தியானம் ரசம் மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிற சுகம் போய்விடும். இந்த அறையில் ஒரு கட்டில்தான், மிஷினைத் தூக்கி எங்கே போடுவது என்று சுகன்யா போன தடவையே கண்ணால் அளந்துவிட்டுப் போனாள். அப்புறம் ஒருநாள் சாவான். அதற்குத்தானே எல்லாரும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், வாழ்வதற்கா வருகிறான். கடைசிக் காலத்துல கட்டினவ கையால ஒரு வாய் தண்ணி என்றாளே கமலவேணி, அப்போதே தெரிந்துவிட்டது. இந்த வீட்டில் செத்தால் இந்தக் கூடத்தில்தான் கிடத்துவார்கள். இவளுக்குப் புதுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, பக்கத்தில் உட்கார வைத்து, பிறகு எல்லாவற்றையும் பறிப்பார்கள். பத்மாவதியோடு இருந்த புருஷனுக்கு இந்திராணியின் வளையலை உடைப்பார்கள். ஊரில் ஒருத்தராவது கேட்பார்களா, இத்தனை வருஷம் இவள் என்னவாக இருந்தாள் என்று? பொட்டு வைக்கும்போதெல்லாம் கண்ணாடி கேட்டிருக்கிறது. யாருக்கும் சேராதவளாக இருந்தாள். முதலில் அது நெருப்பில் நிற்கிற மாதிரி இருந்தது, பிறகு பழகியது, பிறகு, வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள், பிறகு நன்றாகவே இருந்தது. அந்த நன்றாக இருந்ததைத்தான் இன்று சாயங்கால பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. கை மாட்டும்போது நூல் இரண்டு தடவை அறுந்தது. வரட்டும், வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தாள். என்ன சொல்ல வேண்டும் என்பது வரி வரியாக வந்தது, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு. உங்களுக்கு அங்கே வாடகை வீடு இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, சமைக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஆள் இல்லை. நன்றாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். ஆனால் இந்த நாடகத்தை அவள் ஏற்கெனவே ஒரு தடவை நடத்தித் தோற்றிருக்கிறாள். ஐந்தாறு வருஷம் முன்னால், ஐப்பசி மழையில், பத்மாவதியோடு ஏதோ சண்டை என்று வந்து நின்றான். அப்போதும் சொல்ல வேண்டியதெல்லாம் வாய்க்குள் வரிசையில் நின்றது. கதவைத் திறந்தாள். நனைந்த சட்டையோடு, இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு, தாடை தடதடவென்று ஆட நின்றுகொண்டிருந்தான். அவ்வளவுதான். வரிசையில் நின்ற ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. துண்டு கொடுத்தாள், சால்வை கொடுத்தாள், இஞ்சி தட்டிப்போட்டு டீ கொடுத்தாள், மிளகு ரசம் வைத்தாள். மூன்று நாள் இருந்தான். நடுக்கம் நின்றது, முகத்தில் ரத்தம் ஏறியது, நாலாம் நாள் காலையில் கிளம்பிப் போய்விட்டான், சால்வையோடு. அவளை ஜெயித்தது அவன் பேச்சு இல்லை, அழுகை இல்லை, அந்தத் தாடை. நடுங்குகிற உடம்பைக் கண்டால் அவள் செத்தாள். தெருநாயாக இருந்தாலும் சாக்கு எடுத்துப் போடுகிறவள். அது நல்ல குணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அதை வைத்துத்தான் எல்லாரும் அவள் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள். இன்றைக்கும் அப்படித்தான் ஆகப்போகிறது. வருவான், நடுங்குவான், இவள் நகர்ந்து வழிவிடுவாள். நினைத்தபோதே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி எதிர்வீட்டுத் தகரக் கூரையை விழுங்கிவிட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. போன் அடித்தது. சுகன்யா. பர்லியார் தாண்டியாச்சும்மா, பாதி மலை ஏறியாச்சு என்றாள். அப்பாவுக்கு இப்பவே குளிருதாம், ஜாக்கெட் முடிஞ்சிருச்சா என்றாள். ஜிப் வைக்கணும் என்றாள் இவள். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஃப்ளீசில் ஜிப் வைப்பது ஒரு பாடு. துணி இழுபடும், ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குட்டையாகிக் கீழே பல்லிளிக்கும். ஜிப்பைக் கையால் முதலில் ஓட்டுத்தையலாகத் தைத்துக்கொண்டு, பிறகுதான் மிஷினில் விட வேண்டும். அவசரப்பட்டால் ஆயிற்று. இந்திராணி அவசரப்படவில்லை. பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடிக்கு வெளியே பச்சை மாறுகிறது, அவன் காதில் துண்டைக் கட்டியிருப்பான், இதெல்லாம் தெரிந்தும் அவசரப்படவில்லை. வேண்டுமென்றே தாமதமாகச் செய்கிறாளா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை. முடிய வேண்டும் என்றுதான் இருந்தது. காலையில் தடவித் தடவி நேரம் கடத்தினவளுக்கு இப்போது எப்படியாவது அவன் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. கடைசி நூலை அறுத்து, பஞ்சு உதறி, சரியாக வந்திருக்கிறதா என்று தானே போட்டுப் பார்த்தாள். போட்ட கொஞ்ச நேரத்தில் முதுகு சூடேறியது. வலது தோள் அவளுக்கு இறங்கித் தொங்கியது, கை விரலை மூடியது, ஆனால் சூடு என்றால் அப்படி ஒரு சூடு, யாரோ பின்னால் நின்று அணைத்துக்கொண்ட மாதிரி. அப்படியே மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு காலமாயிற்று. சீ என்று எழுந்து கழற்றினாள். கழற்றியதும் குளிர்ந்தது. கீழே படியில் காலடிச் சத்தம் கேட்டது, ஒன்று வேகமாக, ஒன்று நின்று நின்று.

கதவைத் திறந்தாள். சுகன்யா ஒரு படி கீழே பையோடு நின்றாள், அவனை முன்னால் விட்டிருந்தாள். அடையாளம் தெரியாமல் இல்லை. ஆனால் காகிதத்தில் இருந்த ஆள் வரவில்லை. பாதிதான் வந்திருந்தது. கழுத்தில் குழி விழுந்து, கன்னம் உள்ளே போய், மெல்லிய வெள்ளைச் சட்டைக்குள் தோள் எலும்பு மட்டும் பழையபடி கோணலாக நின்றது. காதைச் சுற்றித் துண்டு. தாடை ஆடிக்கொண்டிருந்தது. நல்லா இருக்கியா இந்திராணி என்றான். இவள் உள்ளே போனாள். சுகன்யாவின் முகம் மலர்ந்ததைத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. ஜாக்கெட்டோடு வந்து, கையை நீட்டுங்க என்றாள். முதலில் வலது கை, அந்தத் தோளுக்கு அதிகம் தூக்க வராது. பிறகு இடது. முன்னால் வந்து குனிந்து ஜிப்பைக் கோத்து மெதுவாகக் கழுத்துவரை இழுத்துவிட்டாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளைக்கு இழுத்துவிடுகிற மாதிரி. உடம்பு சிறுத்ததால் இடுப்பில் லொடலொடவென்று இருந்தது. காலர் தாடையைத் தொட்டது. துண்டைச் சரி செய்து காதை மூடினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். அவனும் என்னவென்று தெரியாமல் காத்திருந்தான், உள்ளே வா என்ற வார்த்தைக்காக இருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தத் தாடை ஆட்டம் குறைந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. நிற்கட்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள் என்பது நின்ற பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. வரிசையில் நின்ற வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன, வழி கிடைத்த மாதிரி.

"கீழ போற பஸ் இன்னும் இருக்குங்க. இருட்டறதுக்குள்ள கெளம்புங்க."

அவன் சுகன்யாவைத் திரும்பிப் பார்த்தான். சுகன்யா இவளைப் பார்த்தாள். ஒரு வாய் டீயாவது என்று அவன் மெதுவாகக் கேட்டான். டீ கொடுத்தால் நாற்காலி போட வேண்டும், நாற்காலி போட்டால் கட்டில் போட வேண்டும், அவளுக்குத் தெரியாதா. ஸ்டாண்டில் கடை இருக்கிறது, சூடாகக் கிடைக்கும் என்றாள். அவன் தலையைக் குனிந்து ஜாக்கெட்டைப் பார்த்தான். கழற்றப் போகிறவன் மாதிரி கை ஜிப்பிடம் போனது.

"வேண்டாம், போட்டுக்குங்க. எறங்க எறங்கக் குளிர் கொறையும். மேட்டுப்பாளையம் போயி கழட்டிக்கலாம்."

அதற்குமேல் அவன் நிற்கவில்லை. அழுவான் என்று பயந்தாள், அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினான், பச்சை முதுகு பனிக்குள் பாதி போயிற்று. இவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். கூப்பிட்டுவிடுவோமோ என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். சுகன்யா அசையாமல் நின்றாள். அவள் முகத்தில் இருந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது, முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற பார்வை.

"அப்போ எதுக்கும்மா தெச்சே?"

"குளிர்ல நடுங்கிட்டு நிக்கறவர்கிட்ட போன்னு சொல்ல எனக்கு வாய் வராதுடி. அதுக்குத்தான்."

சுகன்யா குனிந்து பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். இரண்டு படி இறங்கியவள் நின்றாள், திரும்புவாள் என்று இந்திராணி நினைத்தாள். செருப்பு வாரைச் சரி செய்துகொண்டு அப்பாவின் பின்னால் இறங்கிப் போனாள். போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை.